ராத்திரி வந்த சர்க்கரை

கட்டுப்பாடு என்பது தமிழில் அப்பாவிச் சொல் அல்ல. ஊர்க் கட்டுப்பாடு என்றால் யாருக்குக் கடையில் சாமான் கிடையாது, யார் வீட்டுச் சாவுக்கு யார் போகக்கூடாது என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரில் 1975-77 நெருக்கடிநிலைக் காலத்தில் ஏழைகளின் உடல்மேல் நடந்ததும் தெரியும். கட்டுப்படுத்துகிறவன் ஒருவன், கட்டுப்படுகிறவன் ஒருவன், மீறினால் தண்டம். இந்த மூன்றையும் சுமந்துகொண்டேதான் அந்தச் சொல் மருத்துவமனைக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 'சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை' என்று மருத்துவர் சொல்லும்போது அவர் இரத்தத்திலுள்ள ஒரு அளவைச் சொல்கிறார். கேட்கிறவர் காதில் அது நடத்தைச் சான்றிதழாக விழுகிறது.

என் பெரியம்மாவை ஒரு மாவட்டத் தலைநகரின் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அறுபதைத் தாண்டியவள், எடை நாற்பத்து மூன்று கிலோ, ஆயுள் முழுக்க களையெடுப்பும் நடவும். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 214 என்று சீட்டில் இருந்தது.

"என்னம்மா, நைட்டு என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு இட்லிதாங்க சார். ஏழு மணிக்கே சாப்டுட்டேன். அதுக்கப்புறம் பச்சத்தண்ணிதான்."

"ரெண்டு இட்லிக்கு இவ்வளவு வருமா? எங்கிட்ட பொய் சொன்னா உங்களுக்குத்தான் கேடு. வாயைக் கட்டுங்க."

வெளியே வந்து மருந்து வரிசையில் நிற்கும்போது பெரியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "திங்காத சக்கரை எங்கிருந்துடா வந்துச்சு?"

மருத்துவ வரலாற்றில் இது பெரிய கேள்வி. இதற்குப் பதில் தேடித்தான் ஒரு நூற்றைம்பது வருஷம் செலவாகியிருக்கிறது. பதில் கிடைத்த பிறகும் அது மருந்து வரிசை வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

1776இல் லிவர்பூலில் மாத்யூ டாப்சன் என்ற மருத்துவர் நீரிழிவுக்காரரின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, அடியில் தங்கியது சர்க்கரைதான் என்று காட்டினார். இரத்தநீரும் இனிக்கிறது என்றார். அந்த நாளிலிருந்து நோய்க்குக் கண்ணுக்குத் தெரிகிற, நாக்குக்குத் தெரிகிற ஒரு பொருள் கிடைத்துவிட்டது. நம்முடைய 'நீரிழிவு' என்ற பழைய சொல் நோயாளியின் அனுபவத்திலிருந்து வந்தது: நீர் இழிகிறது, உடம்பு வற்றுகிறது. 'சர்க்கரை வியாதி' என்ற புதிய பெயரோ சோதனைக் குழாயிலிருந்து வந்தது. பெயர் மாறியதும் குற்றவாளியும் மாறிவிட்டார். சர்க்கரை வாய்வழியாகத்தானே உள்ளே போகும்? அப்படியானால் வாய்தான் குற்றவாளி.

இந்த எளிய தர்க்கத்தை 1848இலேயே பாரிஸில் க்ளோத் பெர்னார் உடைத்தார். அதுவரை சர்க்கரையைச் செய்வது தாவரங்கள்தான், விலங்குகள் அதைத் தின்று எரிக்க மட்டுமே செய்யும் என்பது வேதியியலின் நம்பிக்கை. பெர்னார் சர்க்கரையும் மாவும் இல்லாமல் இறைச்சி மட்டுமே கொடுத்து வளர்த்த நாயைப் பரிசோதித்தார். அதன் கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தில் சர்க்கரை இருந்தது. 1855இல் இன்னொரு சோதனை. கொன்ற நாயின் கல்லீரலுக்குள் தண்ணீரைப் பாய்ச்சி, சர்க்கரையின் தடயமே இல்லாதவரை கழுவினார். கழுவின கல்லீரலை வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் அதில் மறுபடியும் சர்க்கரை. (செத்த நாயின் கல்லீரல் ராத்திரி எழுந்துபோய் இட்லி தின்றிருக்க வாய்ப்பில்லை.) கல்லீரல் தன்னுள் கிளைக்கோஜன் என்ற மாப்பொருளைச் சேமித்து வைத்து, தேவைப்படும்போது உடைத்துச் சர்க்கரையாக இரத்தத்தில் விடுகிறது என்பதை 1857க்குள் அவர் நிறுவிவிட்டார். 'அகச்சுரப்பு' என்ற கருத்தையே அவர் முதலில் கல்லீரல் இரத்தத்துக்குள் விடும் இந்தச் சர்க்கரைக்குத்தான் பயன்படுத்தினார். ஹார்மோன் என்ற சொல்லை 1905இல் ஸ்டார்லிங் கொண்டுவருவதற்கு அரை நூற்றாண்டு முன்பு.

ஆக பெரியம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் அப்போதே இருந்தது. சர்க்கரை அவளுடைய கல்லீரலிலிருந்து வந்தது. மீதிப் பாதி: யார் சொல்லி வந்தது?

இந்த இடத்தில் வரலாறு ஒரு நாயகக் கதைக்குள் போய் மாட்டிக்கொண்டது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் நாயின் கணையத்தை எடுத்துவிட, நாய்க்கு நீரிழிவு வந்தது. 1921-22இல் டொரான்டோவில் பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியனர்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையன் சாவின் வாசலிலிருந்து திரும்பினான். அதற்கு முன்பு அந்த வயதில் இந்த நோய் வந்தால் பட்டினி போட்டுச் சில மாதங்கள் சாவைத் தள்ளிப்போடுவதுதான் வைத்தியம். எனவே அந்த அதிசயத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள் என்பதையும், இன்று இன்சுலின் விலை பற்றிப் பேசும்போது மறக்கக்கூடாது.

சிக்கல் அந்த வெற்றியிலேயே இருந்தது. ஒரு உறுப்பு, ஒரு ஹார்மோன், ஒரு குறை, ஒரு ஊசி. பான்டிங்கின் பையனுக்குப் பொருந்திய கதை நீரிழிவு முழுமைக்குமான கதையாக ஆனது. நடுவயதில் நோய் வந்து, இன்சுலின் போட்டாலும் சரியாக இறங்காத பெரும்பான்மை நோயாளிகள் அந்தக் கதையின் விளிம்பில் நின்றார்கள். 1936இல் லண்டனில் ஹரால்ட் ஹிம்ஸ்வர்த் நோயாளிகளுக்கு குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, கூடவே இன்சுலின் ஊசியும் போட்டுப் பார்த்தார். சிலரிடம் சர்க்கரை ஏறாமல் நின்றது, சிலரிடம் ஊசி போட்டதற்கு அடையாளமே இல்லாமல் ஏறியது. இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் நீரிழிவு ஒன்று, செவிசாய்க்காத நீரிழிவு இன்னொன்று என்று லான்செட்டில் எழுதினார். இன்றைய முதல் வகை, இரண்டாம் வகை என்ற பிரிவினையின் வேர் அது. பெரிய சலனம் எதுவும் உண்டாகவில்லை.

டொரான்டோ கதை தெரிந்த அளவுக்கு ப்யூனஸ் அயர்ஸ் கதை நமக்குத் தெரியாது. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே 1930இல் பியாசொத்தியுடன் சேர்ந்து ஒரு விசித்திரமான சோதனை செய்தார். கணையம் எடுக்கப்பட்ட நாய் நீரிழிவில் சாகும், அது தெரிந்ததுதான். அதே நாயின் மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியையும் எடுத்துவிட்டால்? நாயின் நீரிழிவு தணிந்தது, அது நீண்டநாள் வாழ்ந்தது. இன்சுலின் துளியும் இல்லாத உடலில்! அப்படியானால் நீரிழிவு என்பது இன்சுலின் இல்லாமை மட்டுமாக இருக்க முடியாது. இன்சுலினை எதிர்த்து இழுக்கிற வேறு ஹார்மோன்கள் உடலில் இருக்கின்றன, ஒன்று போனபின் மற்றது எதிர்ப்பாரில்லாமல் ஆடுவதுதான் நோய். சர்க்கரையின் அளவு என்பது ஒரு கயிறிழுப்புப் போட்டியில் அந்தக் கணத்தில் முடிச்சு நிற்கும் இடம், அவ்வளவுதான்.

இந்த ஊசேதான் 1943இல் ராணுவ ஆட்சியின் கீழ் ஜனநாயகத்தை வலியுறுத்திய அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். நாட்டைவிட்டுப் போகவில்லை. தனியார் நன்கொடையில் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கி அங்கேயே வேலை செய்தார். 1947இல் நோபல் பரிசு வந்தபோதும் அவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் இருந்தார். ஹார்மோன்களின் சமநிலை பற்றி எழுதியவரின் கையெழுத்து அதிகாரத்தின் சமநிலையைக் குலைத்தது என்றெல்லாம் உருவகம் செய்ய ஆசைதான். அது வேண்டாம். அவர் நல்ல உடலியலாளர், அச்சமில்லாத மனிதர். அதுவே போதும்.

இன்னொரு எதிராளி இன்சுலினின் பக்கத்து வீட்டிலேயே இருந்தான். 1923இல் கிம்பலும் மர்லினும் கணையச் சாற்றில் சர்க்கரையை ஏற்றுகிற ஒரு பொருளைக் கண்டு அதற்கு குளுக்ககான் என்று பெயர் வைத்தார்கள். சர்க்கரையை இறக்கும் நாயகனைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அதை ஏற்றுகிறவனை யார் சீந்துவார்கள்? ஏறக்குறைய முப்பது வருஷம் அது இன்சுலினில் கலந்த அழுக்காகவே கருதப்பட்டது. 1953இல்தான் அதைத் தூய படிகமாகப் பிரித்தார்கள். 1970இல் அமெரிக்காவில் ரோஜர் அங்கரும் கூட்டாளிகளும் ஒன்றைக் காட்டினார்கள்: மாவுச்சத்து சாப்பிட்டதும் ஆரோக்கியமானவரின் குளுக்ககான் தணிகிறது, நீரிழிவுக்காரருக்குத் தணிவதில்லை. வயிறு நிறைந்த பிறகும் கல்லீரலிடம் 'பட்டினி, பட்டினி, எடுத்து விடு' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது.

ராத்திரி நடப்பது இதுதான். நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். கல்லீரல் அளந்து விடுகிறது. விடு என்று சொல்வது குளுக்ககான், போதும் என்று தடுப்பது இன்சுலின். விடியும் நேரத்தில் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் சேர்ந்து, எழுந்து வேலைக்குப் போகப்போகிற உடலுக்காக இன்னும் கொஞ்சம் விடச் சொல்கின்றன. நோயில்லாதவரிடம் இன்சுலின் சற்று உயர்ந்து ஈடுகட்டிவிடும். இரண்டாம் வகை நோயாளியிடம் கல்லீரலுக்கு இன்சுலினின் சொல் சரியாகக் கேட்பதில்லை, கணையத்தாலும் போதுமான அளவு கூட்டிச் சுரக்க முடிவதில்லை. படுக்கப் போகும்போது இருந்ததைவிட அதிகமான சர்க்கரையோடு மனிதர் எழுந்திருக்கிறார். பெரியம்மா சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேட்பதில்லை, சுரக்க முடிவதில்லை என்று இன்று இவ்வளவு சாதாரணமாக எழுத முடிகிறதென்றால் அதற்குக் காரணம் நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியின் முன்னாள் படைவீரர் மருத்துவமனை. துப்புரவாளர் சாமான் வைக்கும் அறையை ஆய்வுக்கூடமாக மாற்றி அங்கே வேலை தொடங்கியவர் ரோஸலின் யாலோ. இயற்பியல் படித்த யூதப் பெண். ஆண்கள் போருக்குப் போய் இடம் காலியாக இருந்ததால்தான் 1941இல் முனைவர் படிப்பில் இடம் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் கதிரியக்கம் ஏற்றிய இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தி, அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்தார்கள். ஊசி போட்டுப் பழகியவர்கள் உடலில் அது சீக்கிரம் மறையவில்லை. ஏதோ ஒன்று அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அது எதிர்ப்பொருள்தான் என்றார்கள். இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாகாது என்று இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்த பிறகே 1956இல் அது அச்சானது. யாலோ மறக்கவில்லை. 1977இல் நோபல் உரையில் அந்த நிராகரிப்புக் கடிதத்தையே எடுத்துக் காட்டினார். பெர்சன் 1972இலேயே இறந்துவிட்டிருந்தார்.

அந்த எதிர்ப்பொருளையே தராசாக்கி இரத்தத்தின் இன்சுலினை அளக்கும் முறையை உண்டாக்கினார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1960இல் வெளியான அளவுகள் ஒற்றை ஹார்மோன் கதையின் முதுகெலும்பை முறித்தன. நடுவயதில் நீரிழிவு தொடங்குகிறவர்களின் இரத்தத்தில் இன்சுலின் இருந்தது. மெதுவாக வந்தாலும் நிறையவே இருந்தது, பலரிடம் ஆரோக்கியமானவர்களைவிட அதிகம். (அந்தச் சர்க்கரைக்கு அந்த இன்சுலின் போதாது, முதலில் வரவேண்டிய வேகமும் இல்லை என்பது பிறகு தெளிந்தது.) குறையை ஒரு உறுப்பில் தேடியவர்கள் இனி உறவுகளில் தேட வேண்டியிருந்தது. தசை, கல்லீரல், கொழுப்பு, குடல், மூளை. குடலும்தான்: வாய்வழிக் கொடுத்த குளுக்கோஸ் நரம்புவழிக் கொடுத்ததைவிட அதிக இன்சுலினைச் சுரக்கவைக்கிறது என்று 1964இல் தெரிந்தது. அந்தத் தூது கொண்டுபோகும் குடல் ஹார்மோன்களின் வழியில்தான் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமாகுளூட்டைட் வரை வந்திருக்கிறார்கள். அந்தத் துறையிலும் ஸ்வெட்லானா மொய்சோவ் என்ற பெண் தன் பெயரைக் காப்புரிமைகளில் சேர்க்கவைக்கப் போராடவேண்டி இருந்தது. 2024இல் லாஸ்கர் விருது அவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

மாத்திரைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1942, போர் நடுவே பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டுக்காகக் கொடுத்த ஒரு சல்ஃபா மருந்தில் நோயாளிகள் சர்க்கரை தாழ்ந்து மயங்கினார்கள், சிலர் செத்தும் போனார்கள். அந்தச் சாவுகளிலிருந்துதான் கணையத்தைப் பிழிந்து இன்சுலின் எடுக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் வந்தன. கல்லீரலின் கையைப் பிடிக்கிற மெட்ஃபார்மினை 1957இல் பாரிஸில் ழான் ஸ்தேர்ன் முன்வைத்தார். அமெரிக்கா அதை ஏற்றுக்கொண்டது 1994இல். பெரியம்மாவின் பையில் இரண்டும் இருக்கின்றன. கல்லீரல் சர்க்கரை விடுகிறது என்று தெரிந்துதான் மருந்து எழுதப்படுகிறது. மருந்துச் சீட்டுக்குத் தெரிந்தது மருத்துவரின் வாய்க்குத் தெரியாமல் போவது எப்படி?

மருத்துவர்களைத் திட்டுவது சுலபம். ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கிறவருக்குக் கையில் அகப்படுவது எண் ஒன்றுதான். எண்ணும் பொய்யல்ல. பிரிட்டனில் புதிதாக நோய் கண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 1977இல் தொடங்கிய ஆய்வு 1998இல் முடிவைச் சொன்னது: சர்க்கரையை இறக்கி வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. சோறு குறைத்து நடந்தால் பலன் உண்டு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே ஆய்வு சொன்ன இன்னொரு சேதி வரவேற்பறைச் சுவரொட்டிகளில் இடம்பெறுவதில்லை. உணவுமுறை, மாத்திரை, இன்சுலின் என்று எந்தப் பிரிவில் இருந்தாலும், வருஷம் போகப்போக எல்லோருடைய சர்க்கரையும் ஏறிக்கொண்டுதான் போனது. கணையத்தின் சுரக்கும் செல்கள் ஓய்ந்துகொண்டு வருகின்றன. அத்தனை ஆயிரம் பேரும் ராத்திரி எழுந்து திருட்டுத்தனமாகச் சாப்பிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஆய்வுக்கு உட்பட்டவர்கள். பெரியம்மா வெறும் நோயாளி.

மருத்துவமனைப் பார்வை நோயாளியின் பேச்சை ஒதுக்கிவிட்டு உடலை மட்டும் வாசிக்கிறது என்று ஃபூக்கோவை வைத்து நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இங்கே நடப்பது அதுகூட இல்லை. உடல் சொல்வதும் சரியாக வாசிக்கப்படவில்லை, பேச்சும் நம்பப்படவில்லை.

இதைச் சொன்னவுடன் 'அதனால்தான் நம் பாரம்பரியத்துக்குத் திரும்ப வேண்டும், சமநிலை பற்றி அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று ஒரு குரல் எழும். வாத பித்த கபச் சமநிலையும் ஹார்மோன் சமநிலையும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவே. சுஸ்ருதம் பிறவியில் வருவது, நடத்தையால் வருவது என்று நோயை இரண்டாகப் பிரித்திருப்பது உண்மையிலேயே கூர்மையான கவனிப்பு. அதே இடத்தில் சிகிச்சையையும் படிக்க வேண்டும். வசதியற்றவன் செருப்பும் குடையும் இல்லாமல் பிச்சையெடுத்து நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். பிராமணன் சிந்திய கதிரைப் பொறுக்கி வாழ வேண்டும். மற்றவன் ஓயாமல் உழவேண்டும், அல்லது கிணறு வெட்டவேண்டும். உடற்பயிற்சியிலும் வருணம் பார்த்திருக்கிறார்கள்! ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மெலிந்த நோயாளியை வருத்தாமல் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு சிறு குறிப்பு அங்கேயே வருகிறது.

நவீன மருத்துவம் அந்த மெலிந்தவரை என்ன செய்தது? 1955இல் ஜமைக்காவிலும், பிறகு ஒரிசாவின் கட்டாக்கிலும், மருத்துவர்கள் ஒல்லியான ஏழை நோயாளிகளைப் பார்த்து இது இரண்டு வகையிலும் அடங்கவில்லையே என்று எழுதினார்கள். 1985இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு என்று ஒரு தனி வகையைப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் ஆதாரம் போதாது என்று அதை நீக்கிவிட்டது. நோயாளிகள் இருந்தார்கள், அவர்களுடைய பெயர் மட்டும் போய்விட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து நடந்து 2022இல் வெளியான ஆய்வு அப்படிப்பட்ட மெலிந்த ஆண்களின் இன்சுலினை நுணுக்கமாக அளந்தது. அவர்கள் உடல் இன்சுலினுக்கு நன்றாகவே செவிசாய்க்கிறது, சுரப்புதான் மிகக் குறைவு. இரண்டாம் வகைக்கு நேர் எதிர்! 2025 ஏப்ரலில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. பெரும்பாலும் இளவயதிலேயே வருவது இது. ஐம்பதுக்கு மேல் நோய் வந்த பெரியம்மா இதில் சேரமாட்டாள் என்றே நினைக்கிறேன்.

அவளுக்கு நெருக்கமானது புனே கிராமங்களின் கதை. சித்தரஞ்சன் யாஜ்னிக் 1990களில் தொடங்கிய ஆய்வில் ஆறு கிராமங்களின் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. லண்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது புனே குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தது. முதல் வாய்ப் பால் இறங்குமுன்பே கயிறிழுப்பு தொடங்கிவிட்டது. கர்ப்ப காலத்தில் வயலிலும் தண்ணீர்க் குடத்தோடும் அதிகம் உழைத்த பெண்களின் குழந்தைகள் இன்னும் சிறியவையாக இருந்தன என்பதும் அதே ஆய்வின் பதிவு. தாயின் பசி, தாயின் கூலிவேலை, பிள்ளையின் கணையம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கில் இந்த நாட்டில் நீரிழிவுள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. இதை இன்னும் பணக்கார வியாதி என்று சொல்லிக்கொண்டிருக்கும் தோழர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தேன். கல்லீரல் ராத்திரியில் சர்க்கரை விடும் என்பதை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். "கொட்டாயில போட்டு வச்ச நெல்லு மாதிரியா?" ஆமாம் என்றேன். பிறகு, நீ பிறந்தப்ப என்ன எடை இருந்தே என்று கேட்டேன். சிரித்தாள்.

"எடை எவன் போட்டான்? மருத்துவச்சி வந்து கொடிய அறுத்துட்டு ஒரு படி கம்பு வாங்கிட்டுப் போனா. அந்த வருசம் மழையில்லயாம். எலிக்குஞ்சாட்டம் இருந்தேன், நிக்காதுன்னு நெனச்சேன்னு எங்கம்மா சொல்லும்."